சிறு மீனுக்கு எத்தனையாம் எண் ஃப்ளை தடி?

தம்பி கேட்டிருப்பது இதுதான். ஊர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில் உள்ள களுவாஞ்சிகுடி. பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரை எனும் மேற்குக் கரை வாய்க்கால்களிலும் சின்னக் குளங்களிலும், இடைக்கிடை வாவிக் கரையிலும் கெண்டை, திலாப்பியா போன்ற சிறு மீன் பிடிக்க ஒரு ஃப்ளை தடி வேண்டும். ரொறன்ரோவில் இருந்து வரும் சித்தப்பா வாங்கி வருவார். "ஆகப் பாரம் குறைந்தது எது? 2 வெயிட் எடுக்கலாமா? 7 அடியா, 9 அடியா?" என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நாள் முழுக்கப் பிடித்தாலும் கை நோகாத தடி எது என்பது ஒன்று. ஒரு சாண் மீன் இழுத்தாலும் வளைந்து கைக்கு உணர்த்தும் தடி எது என்பது மற்றது. தம்பிக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவது என்று நினைக்கிறேன். தடியில் எழுதியிருக்கும் "வெயிட்" எண்ணும் அதைப் பற்றியதுதான்.

அந்த எண் தடி எத்தனை கிராம் என்று சொல்வதில்லை. எவ்வளவு பாரமான லைனை அது வீசும் என்று சொல்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ உலோக மீனோ பறந்து போகும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை தூண்டிலில் முள்ளில் இருப்பது பூச்சி போலக் கட்டிய கொஞ்சம் இறகும் நூலும்தான் (ஃப்ளை என்பது அதுதான், நாம் பூச்சி என்போம்), அதற்கு எறியும் அளவுக்குப் பாரமே இல்லை. அதனால் லைனே பாரமாகச் செய்யப்பட்டிருக்கிறது. லைன் பறக்கிறது, பூச்சி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. லைனின் முதல் 30 அடி, அதாவது ஏறத்தாழ 9 மீற்றர், கிரெயின் என்ற ஆங்கில நிறையலகில் எவ்வளவு என்பதை வைத்துத்தான் எண் வைக்கிறார்கள். 2ஆம் எண் 80 கிரெயின், 3ஆம் எண் 100, 4ஆம் எண் 120, 5ஆம் எண் 140, 6ஆம் எண் 160. கிராமில் சொன்னால் 2க்கு 5.2, 3க்கு 6.5, 4க்கு 7.8, 5க்கு 9.1, 6க்கு 10.4. கேட்க அற்ப வித்தியாசம் போலத் தெரியும். காற்றுக்குள் 5 கிராமையும் 9 கிராமையும் அனுப்பிப் பார்த்தவருக்கு அது அற்பமில்லை.

கைப் பாரத்தை எடுத்துக்கொண்டால், இன்றைய காபன் தடிகளில் 3ஆம் எண்ணுக்கும் 5ஆம் எண்ணுக்கும் இடையே இருப்பது பத்து இருபது கிராம்தான். இரண்டுமே நூறு கிராமைச் சுற்றியோ அதற்குக் கீழோதான் நிற்கும். பூட்டுகிற ரீல் பெரும்பாலும் தடியைவிடப் பாரம். ஆகவே கை நோகுமோ என்று பயந்து சின்ன எண்ணுக்குப் போகத் தேவையில்லை. கை நோவது சமநிலை கெட்டால்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, எந்த எண்? இங்கே மீனைவிடக் காற்றுத்தான் முடிவு செய்கிறது. கெண்டைக்கும் உள்ளங்கை அளவு திலாப்பியாவுக்கும் 2ஆம் எண் தடி போதும், அதில் சந்தேகமில்லை. காற்றில்லாத, மரங்கள் மூடிய ஒரு குளிர்நாட்டு ஓடையில் அது அருமையான தடி. அப்படியான சிற்றோடைக்குத்தான் அதைச் செய்கிறார்கள். நம் நாட்டில் அதற்குப் பொருந்திய இடம் என்றால், ஆங்கிலேயர் காலத்தில் ட்ரவுட் மீன் விடப்பட்ட நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகள். மட்டக்களப்பு, அம்பாறையில் நமக்கு வெட்டவெளி. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை கச்சான் எனும் மேல்காற்று வயல்வெளியைத் தாண்டி நேரே வரும். எழுவான்கரை எனும் கிழக்குக் கரைப் பக்கம் நின்று வாவியைப் பார்த்து வீசினால் அது முகத்தில் அடிக்கும். படுவான்கரைக் கரையில் நின்றால் முதுகில் அடிக்கும். முகக் காற்றில் 2ஆம் எண் லைன் நீள மறுத்துக் காலடியில் சுருண்டு விழும். முதுகுக் காற்றில் முன்வீச்சு சுகம், ஆனால் பின்வீச்சு, அதாவது முன்னே வீசுமுன் லைனைப் பின்னே எறிவது, நீளாமல் தொய்ந்து முள் பிடரிக்கு வரும். பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால் காற்றின் திசை மாறிப்போகும், தொல்லை குறைவதில்லை. விடியற்காலையில் இருந்து எட்டு ஒன்பது மணி வரை தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்துக்கு மட்டும் போகிறவருக்கு 3ஆம் எண் மிக நல்லது. வேலை முடிந்து பின்னேரம் போகிறவர் 3ஐ வாங்கினால் வருடத்தில் பாதி நாள் அது சுவரில் தொங்கும்.

அதனால் ஒரே ஒரு தடிதான் வாங்கப் போகிறார் என்றால் என் தீர்ப்பு 4ஆம் எண். பதினைந்து சென்ரிமீற்றர் கெண்டை பிடித்தாலும் நுனி துடிப்பது தெரியும். அரைக் கிலோத் திலாப்பியா வந்தால் தக்கைப்பிடி வரைக்கும் வளைந்து கொடுக்கும். இளங்காற்றில் 10 மீற்றர் போகும். நமக்கு அதைவிடத் தூரம் அபூர்வமாகத்தான் தேவைப்படும். கடையில் 4 கிடைக்காமல் 5ஆம் எண் 9 அடிக் கட்டு ஒன்று, தடி ரீல் லைன் எல்லாம் சேர்ந்து, மலிவாகக் கிடைத்தால் அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உலகத்தில் ஆக அதிகம் விற்கும் அளவு அதுதான் என்பதால் விலைக்கேற்ற தரம் அதில்தான் கிடைக்கும். சின்ன மீனின் துடிப்புக் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். 5ஐ வைத்துக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கம் போய்ப் பாரைக் குட்டிக்கும் முரலுக்கும் வீசலாம் என்ற லாபமும் உண்டு. ஒரு சாண் பாரைக் குட்டி அதே அளவு திலாப்பியாவைவிட இரண்டு மடங்கு இழுக்கும். அதற்கு 3ஆம் எண் பத்தாது.

விராலைப் பற்றி ஒரு சொல். சின்ன மீனுக்கென்று போன இடத்தில் விரால் வந்து கடிக்கும், குளம் என்றால் அது நடக்கும். 3, 4ஆம் எண் தடியால் அதை ஆற்றுவாழைக்குள் போகாமல் நிறுத்த முடியாது. தடியை உயர்த்திப் பிடித்து மல்லுக்கட்டினால் நுனித்துண்டு முறியும். தடியை மீனுக்கு நேராகக் காட்டி, லைனைக் கையால் பிடித்து, மெல்லிய தங்கூசியை அறுத்துவிட வேண்டும். விராலைத் தேடிப் போவதென்றால் அதற்கு 7, 8ஆம் எண்ணும் தடித்த தங்கூசியும் வேறு. மெல்லிய தடியில் பெரிய மீனை நெடுநேரம் இழுத்து விளையாடுவதும் சரியில்லை. நம் குளத்துத் தண்ணீர் சூடானது, சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. களைத்துப்போன மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது.

நீளத்துக்கு வருவோம். 7 அடித் தடி புதர் மண்டிய ஓடைக்கு. தலைக்கு மேல் கிளை இருந்தால் குட்டைத் தடிதான் உதவும். நம் வாய்க்கால்களில் மேலே கிளை இல்லை. பின்னால் எருக்கலையும் நாணலும், முன்னால் கரையோரப் புல்லும்தான். குளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அணைக்கட்டின் கற்சரிவில் நின்று தண்ணீரைப் பார்த்து வீசினால், முதுகுக்குப் பின்னால் கட்டு உயர்ந்து நிற்கிறது. பின்வீச்சு கொஞ்சம் தாழ்ந்தாலும் முள் கல்லில் படும். படுவது காதுக்குக் கேட்காது. முள்ளின் நுனி மட்டும் உடைந்துபோயிருக்கும். மீன் கடிக்கிறது, ஏறவில்லை என்று அரைமணி நேரம் வீசிக்கொண்டிருப்பவர் பலர். முள்ளை எடுத்து விரல் நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் நுனி போய்விட்டது, கீறிப் பிடித்தால் நல்லது. கற்கட்டில் ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். 8½ அடி அல்லது 9 அடித் தடி பின்வீச்சை உயரத் தூக்கும், புல்லுக்கு மேலால் லைனை நிறுத்தும், தண்ணீரில் கிடக்கும் லைனைத் தூக்கித் திருப்பிப் போட வசதி. ஆகவே 4ஆம் எண்ணில் 8½ அடி. 9 அடி கிடைத்தாலும் பிழையில்லை. 3ஆம் எண் எடுப்பதென்றால் 7½ அடிக்குக் குறைய வேண்டாம்.

பின்னால் இடமே இல்லாத வாய்க்கால் கரையில் பின்வீச்சுத் தேவையில்லாத உருட்டு வீச்சு ஒன்று இருக்கிறது. லைனைத் தண்ணீர் மேல் மெதுவாக இழுத்துத் தடியைக் காதுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். லைன் தோளுக்குப் பின்னால் ஒரு வளைவாகத் தொங்கும்வரை பொறுத்து, பிறகு முன்னால் அடித்து நிறுத்த வேண்டும். லைன் சக்கரமாக உருண்டு விரியும். தண்ணீரின் பிடிப்பு இல்லாமல் இது நடக்காது, அதனால் புல்தரையில் பழக முடியாது. நீளத் தடியில் இந்த வீச்சு நன்றாக வரும் என்பதும் 8½ அடிக்கு ஒரு காரணம்.

இதுவரை சொன்னவை பௌதிகம், யார் கேட்டாலும் பதில் மாறாது. இனி வரும் தடியின் குணம் ஓரளவுக்கு ரசனை. கடையில் "ஃபாஸ்ட்" என்று எழுதிய தடி நுனியில் மட்டும் வளையும், நீண்ட வீச்சுக்கும் காற்றுக்கும் நல்லது. "மீடியம்" நடுவரை வளையும். "ஸ்லோ" பிடிவரை வளையும். நாம் பெரும்பாலும் 6, 7 மீற்றர் லைனைத்தான் வெளியே விடுவோம். அந்தக் குறைந்த பாரத்துக்கு விறைப்பான தடி வளையாது. வளையாத தடி வீசாது, பழகுகிறவர் தன் கையில்தான் பிழை என்று நினைத்துப் பலத்தைக் கூட்டுவார், லைன் இன்னும் குழம்பும். எனவே சிறு மீனுக்கு மீடியம் அல்லது மீடியம்-ஃபாஸ்ட் என்று கேளுங்கள். பைபர்கிளாஸ் தடிகளும் வருகின்றன. அவை அதே எண் காபனைவிடக் கொஞ்சம் பாரம், பிடிவரை வளையும், சின்ன மீன்கூடப் பெரிதாகத் தெரியும். கல்லில் படுவது, மோட்டார் சைக்கிளில் உரசுவது போன்ற அடிகளைக் காபனைவிட நன்றாகத் தாங்கும். காற்றில் மட்டும் பின்தங்கும். காலை நேரத்து மீன்பிடிக்காரருக்கு 3 அல்லது 4ஆம் எண் பைபர்கிளாஸ் 7½ அடி ஒரு சந்தோஷமான தடி. எல்லா நேரத்துக்கும் ஒன்று என்றால் காபன்.

பணத்தைப் பங்கிடும்போது பலர் லைனை மறந்துவிடுகிறார்கள். நடுத்தரத் தடியில் நல்ல லைன் நன்றாகப் போகும், விலையுயர்ந்த தடியில் மலிவு லைன் போகாது. ரீல் இந்த அளவு மீனுக்கு லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான், அதில் மிச்சம் பிடித்து லைனில் போடுங்கள். பெட்டியில் டபிள்யூஎஃப்4எஃப் என்று இருக்க வேண்டும். முன்பக்கம் பாரம், 4ஆம் எண், மிதக்கும் லைன் என்பது அதன் பொருள். அதோடு நிற்காமல் பெட்டியின் பின்புறத்தில் கிரெயின் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். விறைப்புத் தடிகளுக்கு ஈடுகொடுக்க இப்போது பல நிறுவனங்கள் அரை எண், ஒரு எண் கூட்டியே செய்கின்றன. 4 என்று விற்கும் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின் என்று இருந்தால் அது உண்மையில் 5. குட்டை வீச்சுக்கு அது உதவிதான், விறைப்பான 4ஆம் எண் தடிக்கு நன்றாகவே பொருந்தும். மென்மையான பைபர்கிளாஸ் 3ஆம் எண்ணில் ஏற்கெனவே பாரம் கூட்டிய லைனைப் போட்டால் தடி தொய்ந்துபோகும்.

லைனுக்கும் வெயிலுக்கும் உள்ள பகை நம் பக்கத்துக்கே உரிய விஷயம், வெளிநாட்டுக் கடைக்காரர் சொல்லமாட்டார். கனடாவில் விற்கும் ட்ரவுட் லைன் குளிர்ந்த தண்ணீருக்குச் செய்தது. அதன் மேற்பூச்சு நம் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், தடி வளையங்களில் ஒட்டும், நூடுல்ஸ் போலத் தொய்ந்து வீச்சைத் தின்னும். வெப்பநாட்டு லைன் என்று தனியாக உண்டு, ஆனால் பெரும்பாலும் 6ஆம் எண்ணுக்கு மேலேதான் செய்கிறார்கள். 4இலும் 5இலும் "வார்ம் வோட்டர்" என்று எழுதியது கிடைத்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண லைனைக் காலையில் பாவியுங்கள், வெயில் ஏறியதும் நிழலில் வையுங்கள், ஒவ்வொரு நாளும் மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். குளத்துப் பாசி மெல்லிய படலமாக ஏறியதும் லைன் மிதப்பதை விட்டுவிடும். நுளம்பு மருந்து பூசிய கையால் லைனைத் தொடவே கூடாது. அவற்றில் பெரும்பாலும் இருக்கும் டீட் என்ற இரசாயனம் லைனின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பின்னேரம் குளக்கரையில் நுளம்பு மருந்து இல்லாமல் நிற்க முடியாது என்பது தெரியும். கையின் பின்புறத்தால் பூசி, விரலையும் உள்ளங்கையையும் மணலாலும் சவர்க்காரத்தாலும் கழுவிவிட்டுத் தடியை எடுங்கள்.

ரீல் 4/5 என்று எழுதிய அளவில் இருக்கட்டும். லைனுக்கு அடியில் 20 இறாத்தல் டேக்ரன் பின்னூல் 30 முதல் 50 மீற்றர் சுற்றுங்கள். கெண்டை அவ்வளவு தூரம் ஓடப்போவதில்லை. ஸ்பூலின் அடி நிரம்பினால் லைன் பெரிய வட்டமாகச் சுற்றப்படும், வெளியே வரும்போது சுருள் சுருளாக நிற்காது. அதற்காகத்தான் பின்னூல். சமநிலையைப் பார்க்க ரீலில் லைன் முழுதும் சுற்றி, தடியில் பூட்டி, 8 மீற்றர் அளவு லைனை வளையங்கள் வழியே வெளியே விட்டுத் தக்கைப்பிடியின் முன்பகுதியை ஒரு விரலில் தாங்குங்கள். வழக்கமாகப் பெருவிரல் படும் இடத்தை ஒட்டித் தடி சமனாக நின்றால் நல்லது. நுனி விழுந்தால் மணிக்கட்டு நோகும், கொஞ்சம் பாரமான ரீல்தான் அதற்கு மருந்து. இலேசான ரீலைத் தேடிக் காசு கொடுத்து வாங்கி நுனிப் பாரமாக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

லைனின் நுனியில் முள் நேரே கட்டுப்படாது. இடையில் தடிப்பில் இருந்து மெல்லிசாக இறங்கும் 9 அடித் தங்கூசித் தொடர் வேண்டும், அதைத்தான் லீடர் என்கிறார்கள். ஆயத்தமாக வாங்கலாம். வாழைச்சேனையிலோ கல்முனையிலோ தூண்டில் சாமான் கடையில் தங்கூசி வாங்கி நாமே செய்யவும் முடியும். 0.45 மில்லிமீற்றரில் 120 சென்ரிமீற்றர், 0.35இல் 50, 0.28இல் 30, 0.22இல் 20, கடைசியில் 0.18இல் 50. மொத்தம் 270. இந்த அளவுகளுக்குள் கிடைப்பதை வைத்துச் சற்று முன்பின்னாகச் செய்யலாம். ஆனால் தடிப்பில் இருந்து மெல்லிசுக்கு ஒரே தாவலாகத் தாவினால் வீச்சு அந்த முடிச்சில் செத்து, பூச்சி குவியலாக விழும். இரண்டு துண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு சுருக்குக்குள் இரண்டு தரம் நுழைத்து இழுக்கும் சர்ஜன் முடிச்சு போதும். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்த தங்கூசி உரசிச் சூடாகி முடிச்சுக்குள்ளேயே பலம் இழக்கும். கடைசித் துண்டின் தடிப்பை 4 எக்ஸ், 5 எக்ஸ் என்று எழுதியிருப்பார்கள். 4 எக்ஸ் 0.18 மில்லிமீற்றர், 5 எக்ஸ் 0.15, 6 எக்ஸ் 0.13. முள்ளின் எண்ணை 3ஆல் வகுத்தால் ஏறத்தாழப் பொருத்தமான எக்ஸ் வரும், 12ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ். நம் கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் 10, 12, 14ஆம் எண் முட்கள் போதும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சின்ன மீனின் வாய் கிழியாது, உங்கள் காதில் ஏறினாலும் கழற்றலாம்.

பூச்சி எது என்பது தனிக் கேள்வி, தடிக்கு உள்ள தொடர்பை மட்டும் சொல்கிறேன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா இன்று எல்லாக் குளத்திலும் உண்டு. பாசியும் அழுகலும்தான் அதன் சாப்பாடு. பெரிய மினுக்கலான பூச்சியைத் துரத்துவது குறைவு. கரும்பச்சை, மண்ணிறத்தில் செய்த சின்னத் தாழும் பூச்சியை மிக மெதுவாக இழுத்தால் எடுக்கும். எடுப்பது இழுப்பாகத் தெரியாது, லைனின் நுனி ஒரு அங்குலம் நகரும், அவ்வளவுதான். கெண்டை மேற்பரப்புக்கு வரும், முதல் மழைக்கு ஈசல் பறக்கும் நாட்களில் பார்த்தால் தெரியும். இரண்டுக்கும் பூச்சி இலேசானது என்பதால் 3, 4ஆம் எண் லைன் அதைச் சுமக்கும். முகத்துவாரத்துப் பாரைக் குட்டிக்கு ஈயக் கண் வைத்த வெள்ளைப் பூச்சி கட்டினால் அதே லைன் சுமக்காது. அந்தப் பாரமான பூச்சி வழியில் தொய்ந்து தடியில் மோதும். காபனில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அப்படித்தான் வரும், பிறகு ஒருநாள் சின்ன மீனுக்கே முறியும்.

சித்தப்பாவுக்கு அனுப்ப வேண்டிய விபரம் சுருக்கமானது: 4ஆம் எண், 8 அடி 6 அங்குலம், நான்கு துண்டு, மீடியம்-ஃபாஸ்ட், உறைக்குழாயோடு. நான்கு துண்டுத் தடியில் ஒரு துண்டு ஏறக்குறைய 67, 68 சென்ரிமீற்றர் வரும், பெரிய சூட்கேசில் குறுக்காக வைக்கலாம். இரண்டு துண்டுத் தடி ஒன்றேகால் மீற்றருக்கு மேல், விமானத்தில் அது தொல்லை. உதிரி நுனித்துண்டு வருகிற தடியாக இருந்தால் இன்னும் நல்லது, முறிவது பெரும்பாலும் அதுதான். கடையிலேயே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வளையங்கள் ஒரு நேர்கோட்டில் நிற்க வேண்டும், 8½ அடிக்கு நுனி வளையத்தைத் தவிர ஒன்பது அளவில் இருக்க வேண்டும். வளையத்துக்குள் பஞ்சை இழுத்தால் எங்காவது இழை சிக்கினால் அங்கே வெடிப்பு, அது லைனை அறுக்கும். ரீல் பூட்டும் இடம் உலோகமாக இருக்கட்டும். மர அலங்காரம் வாவியின் உப்புத் தண்ணீரில் ஊதும்.

இங்கே வந்தபின் தடியைக் கொல்வது மீன் இல்லை. வீட்டில் பொருத்திய தடியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மின்விசிறி, வாகனம் என்றால் கதவு, கரையில் என்றால் புல்லில் கிடத்தி வைத்ததை மற்றவர் மிதிப்பது. துண்டுகளைப் பொருத்தும்போது வளையங்களைக் கால் சுற்று விலக்கி வைத்துத் தள்ளி, தள்ளியபடியே நேராகத் திருப்புங்கள். வீச வீசப் பொருத்து இளகும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். இளகிய பொருத்தில் வீசினால் வெளியே கவ்வும் பெண் துண்டின் வாய் பிளக்கும். உள்ளே நுழையும் ஆண் துண்டில் சாதாரண மெழுகுதிரியை மெல்லிதாகத் தேய்த்தால் பிடித்து நிற்கும். மீன் கரைக்கு வந்ததும் தடியை நெட்டுக்குத்தாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். அப்போது முழுப் பாரமும் நுனித்துண்டின் ஒரு சாணில் விழும். வாவியில் பாவித்த அன்றே தடி, ரீல், லைன் மூன்றையும் நல்ல தண்ணீரில் அலம்புங்கள். ஈரத் தடியைத் துணியுறையில் சுற்றிக் குழாயில் மூடினால் வார்னிஷ் கொப்புளிக்கும், ஒரு இரவு திறந்து காயவிட வேண்டும்.

இன்னொன்று தடியைவிட முக்கியம். காபன் மின்சாரத்தைக் கடத்தும். குளக்கட்டு வீதியில் தாழ்ந்த மின்கம்பி இருந்தால் அதற்குக் கீழே வீச வேண்டாம். சித்திரை, ஐப்பசிப் பிற்பகல் இடிமுழக்கம் கேட்டதும் தடியைத் தரையில் கிடத்திவிட்டு விலகுங்கள். வெளிநாட்டுப் படங்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாவியிலும் குளங்களிலும் முதலை இருக்கிறது. கரையில் இருந்தும் இரண்டு மீற்றர் தள்ளி நின்று வீசுங்கள், இருட்டும் முன் திரும்புங்கள். உள்நாட்டுக் குளங்களில் பின்னேரம் யானை தண்ணீருக்கு வரும். சேனாநாயக்க சமுத்திரத்தைச் சுற்றி இருப்பது 1954இல் பிரகடனமான கல்ஓயா தேசியப் பூங்கா, அங்கே நினைத்தபடி தடியோடு நுழைய முடியாது. மற்றக் குளங்களிலும் அந்த ஊர் மீனவர் சங்கத்தாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நிற்பதுதான் முறை, அந்த மீனை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. வயலுக்கு மருந்தடித்த நாட்களில் வாய்க்கால் மீனைச் சமைக்க வேண்டாம்.

கடைசியாக, தம்பி கேட்காத ஒரு வழி. போகப்போவது ஐந்தாறு மீற்றர் அகல வாய்க்கால்கள் மட்டும்தான் என்றால் ரீலே தேவையில்லை. ஜப்பானியரின் டென்காரா தடி ஒன்றுக்குள் ஒன்று மடங்கி அரை மீற்றர் சொச்சமாகச் சுருங்கும், விரித்தால் 3.6 மீற்றர் அளவு. நுனியில் தடி நீளத்துக்கே ஒரு மெல்லிய லைன், அதன் முனையில் ஒரு மீற்றர் தங்கூசி, ஒரு பூச்சி. வீச்சு அரைநாளில் பழகும், சிறு மீனின் துடிப்பு 2ஆம் எண் தடியைவிடவும் அழகாகத் தெரியும். நம் மூங்கில் தூண்டில் பிடித்துப் பழகிய கைக்கு அது புதிதே இல்லை. மூங்கிலிலேயே நுனி மெலிந்த பத்தடிக் கம்பு ஒன்று எடுத்து அதே விதமாகக் கட்டித் தொடங்கினாலும் பூச்சி எடுக்கும் மீன் அதையும் எடுக்கும். டென்காராவின் குறை, காற்றில் அதன் இலேசான லைன் தள்ளாடும், பெரிய மீன் வந்தால் விட்டுக்கொடுக்க நூல் இல்லை. கடைசித் தங்கூசி 0.15 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக இருக்கக் கூடாது, மீன் பெரிதென்றால் அது அறுந்து தடியைக் காப்பாற்ற வேண்டும். முள் புல்லில் சிக்கினால் தடியைத் தூக்கி இழுக்காமல் லைனைக் கையால் பிடித்து இழுங்கள். மடக்கும்போது அடித்துண்டில் இருந்து தொடங்குங்கள், ஒவ்வொரு துண்டையும் பொருத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து நேராக உள்ளே தள்ளுங்கள். மணல் புகுந்து இறுகிவிட்டால் பலம் போடாமல் அடி மூடியைக் கழற்றித் துண்டுகளை வெளியே எடுத்து, தண்ணீரில் அலம்பி, முழுதும் காய்ந்த பிறகே திரும்பச் செருகுங்கள்.